ஊதச் சொல்றது என் வேலை

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க. மேனேஜர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்காரு, மத்தியானத்துக்குள்ள வந்துடுவாரு. மெஷினா? இதோ மேசை மேலதான் இருக்குது, எங்கயும் ஓடிடாது. நீங்க அதைப் பிரிச்சுப் பாக்கறதுக்கு முன்னாடி நான் ரெண்டு வார்த்தை பேசிடறேன். டீ சொல்லியிருக்கேன், அது வர்ற வரைக்கும்தான்.

என் பேரு எல்லப்பன். இந்த வேன் ஷெட்டுக்கு கேட் செக்யூரிட்டி. காலையில இங்கேர்ந்து வேனுங்க கெளம்பும். ஊர் ஊராப் போயி பொம்பளைப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு, ஓசூர்ல இருக்கற கம்பெனிங்கள்ல எறக்கி விடும். டிரைவரு என் முன்னாடி வந்து மெஷின்ல ஊதணும். சைபர் காட்டினா கேட்டத் தூக்குவேன். குடிச்சிருந்தா பீப்புன்னு கத்தும், தூக்க மாட்டேன். அவ்ளோதான் சார் என் வேலை. ஊதச் சொல்றது என் வேலை, கேட்டத் தூக்கறது என் வேலை.

மெஷின் கம்பெனியிலேர்ந்து நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். மெஷின் சரியா வேலை செய்யுதா இல்லையான்னு எழுதிக் குடுக்கணும், அது போலீசுக்குப் போவும். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். கோளாறுன்னு எழுதிடுங்க சார். ஒரு வரி. அந்த ஒரு வரியில எத்தனை பேரு பொழைச்சுக்குவோம்னு சொல்றேன், கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் உங்க இஷ்டம்.

மெஷின் வர்றதுக்கு முன்னாடி என் மூக்குதான் சார் மெஷின். டிரைவருங்க சாவி வாங்க வருவானுங்க. "என்னாப்பா, நல்லாத் தூங்கினியா?"ன்னு கேப்பேன். பதில் சொல்ல வாயத் தொறந்தாப் போதும், தெரிஞ்சிடும். வெங்காயத்தக் கடிச்சிட்டு வரட்டும், பாக்கை மென்னுட்டு வரட்டும், கொய்யா இலையைக்கூட மென்னுட்டு வந்தான் ஒருத்தன், ஆடு மாதிரி. என்கிட்ட பலிக்காது. "போயிப் படு, நாளைக்கு வா"ன்னு அனுப்பிச்சிடுவேன். முனிராஜையே அனுப்பியிருக்கேன், தெரியுமா? அவரு எனக்கு மச்சான் சார். என் சம்சாரத்துக்குப் பெரியப்பா பையன். இந்த வேலையே அவரு சொல்லித்தான் எனக்குக் கெடைச்சுது. அப்படியும் அனுப்பினேன். ரெண்டு நாளு வீட்டுல கொழம்புல உப்பே இல்ல.

அப்புறம் கம்பெனிக்காரங்க கண்டிசனாச் சொல்லிட்டாங்க. புள்ளைங்க ஏறுற வண்டி, டிரைவர ஊத வச்சுத்தான் அனுப்பணும்னு. மெஷின் வந்துது. டிரைவருங்க குதிச்சானுங்க. "மேனேஜர் ஊதுவாரா? மொதலாளி ஊதுவாரா? நாங்க மட்டும் என்ன திருடனுங்களா?"ன்னு. நான் சொன்னேன், "டேய், ஆபீஸ்ல உக்காந்திருக்கறவன் தப்பா எழுதினா அழிச்சிட்டு எழுதிக்கலாம். வளைவுல அழிச்சு எழுத முடியுமா?"ன்னு. வரிசையில வந்து நின்னுட்டானுங்க. இன்னைக்கும் அதேதான் சொல்லுவேன் சார். ஊத வைக்கணும். ஊத வைக்கறது தப்பே இல்ல.

மெஷினோட ஒரு பை நிறைய பிளாஸ்டிக் குழாய் குடுத்தீங்க இல்ல, நீங்க வரல, வேற யாரோ வந்தாரு. ஆளுக்கொரு குழாய், ஊதினதும் தூக்கிப் போட்டுடணும்னு சொன்னாரு. நல்லாத்தான் போயிக்கிட்டிருந்துது. பை தீந்துபோச்சு. மேனேஜர்கிட்ட கேட்டேன், "பாக்கலாம்"னாரு. மறுபடி கேட்டேன். "வெந்நீர்ல கழுவி கழுவி யூஸ் பண்ணுய்யா, என்ன பெரிய கம்ப சூத்திரம்"னுட்டாரு. சரின்னு ஒரே குழாய வச்சு ஆரம்பிச்சேன்.

மொத வண்டி வேடியப்பனோடது. அவன் ரூட்டுதான் தூரம், அதனால அவன் முன்னாடி கெளம்புவான். ஊதினான், சைபர். குழாயக் கழுவி மாட்டினேன். அடுத்தது முனிராஜ். நின்ன எடத்துலயே நிக்கறாரு. "அவன் வாய் வச்சதுல என்னை வாய் வைக்கச் சொல்றியா மாப்ள?"ன்னாரு. பின்னாடி நிக்கறவனுங்களும் மொணமொணன்னு ஆரம்பிச்சிட்டானுங்க. வேடி காலனிக்காரன் சார். நல்ல பையன். நான் அதெல்லாம் பாக்கறவன் இல்ல, என் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிருக்கான், கேட்டுப் பாருங்க. பேப்பர் கப்புலதான் குடிப்பான், அதுவும் அவனாவே கேட்டு வாங்கிக்குவான். நான் ஒண்ணும் சொன்னதில்ல.

முனிராஜ் பேசினது வேடி காதுல விழுந்திருக்கும். வண்டிக் கண்ணாடியத் தொடச்சிக்கிட்டிருந்தான். கை ஒரு நிமிசம் நின்னுது, அப்புறம் தொடச்சான்.

வண்டி கெளம்பியாவணும். கேட்டுல சண்டைன்னா மேனேஜர் என்னைத்தான் திட்டுவாரு. நான் ஒரு வழி பண்ணேன். எங்கயோ பழைய குழாய் ஒண்ணு கெடந்துது. அதைக் கழுவி, "வேடி, இது உனக்கு மட்டும். வேற யாரும் தொட மாட்டாங்க"ன்னு குடுத்தேன். இந்த ஜன்னல் மேல தனியா வச்சேன். சுத்தமா, அவனுக்குன்னு ஒண்ணு. வசதி பண்ணிக் குடுத்தேன் சார். யாருக்கு அப்படிப் பண்ணுவாங்க?

அதோட முடியல. மத்தவனுங்களுக்குள்ள மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. "இவன் பான் போடறவன், இவன் எச்சில் எனக்கு வேணாம்", "அவனுக்கு வாயெல்லாம் புண்ணு"ன்னு. நியாயம்தானே? எச்சில் எச்சில்தானே? அப்பதான் முனிராஜ் சொன்னாரு. "நாம செம்புல தண்ணி குடிக்கறோம், வாய் வச்சா குடிக்கறோம்? தூக்கித்தான குடிக்கறோம். அதே மாதிரி தள்ளி ஊதுனா என்னா?" எல்லாருக்கும் அது சரியாப் பட்டுது. எனக்கும் பட்டுது. குழாய்க்கும் வாய்க்கும் நாலு வெரல்கட எடம் விட்டு, அண்ணாந்து தண்ணி குடிக்கற மாதிரி நின்னுக்கிட்டு, ஊ...ன்னு. மொதல்ல மெஷின் ஏத்துக்கல. கொஞ்சம் பலமா ஊதினா ஏத்துக்கிச்சு. சைபர்னு காட்டிச்சு.

சிரிக்காதீங்க சார். நடுவுல காத்து கலந்துடும்னு நீங்க இப்பச் சொல்றீங்க. அப்ப சொல்ல ஆள் இல்ல.

அன்னைலேர்ந்து எல்லாரும் சைபர். தீபாவளிக்கு மறுநாளு சைபர், பொங்கலுக்கு மறுநாளு சைபர். ஊதிட்டு, "என்ன மாப்ள, மார்க் எவ்ளோ?"ன்னு கேப்பாரு முனிராஜ். "சைபர்"னு சொல்லுவேன். "படிக்கறப்பவும் அதான் வாங்கினேன்"ம்பாரு. எல்லாரும் சிரிப்போம். மேனேஜருக்கு ஒரே சந்தோசம். "நம்ம ஷெட்டுல ஒரு குடிகாரன் இல்ல எல்லப்பா"ன்னு தோள்ல தட்டினாரு. நானும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டேன். மெஷின் வந்தப்புறம் மூக்குக்கு வேலை இல்லாமப் போச்சு. மெஷின் சொல்லுது, நான் கேட்டத் தூக்கறேன். மச்சானைத் திருப்பி அனுப்பற தலைவலி இல்ல. வீட்டுல கொழம்பும் ருசியா இருந்துது. பொய் சொல்லல.

வேடி மட்டும் வாய் வச்சு ஊதுவான். அவனுக்குத்தான் தனிக் குழாய் இருக்குதே.

ஒருநாளு அவன் சித்தப்பா செத்துப் போயிட்டாரு. சாயங்காலம் எடுத்துட்டாங்க. மறுநாளு காலையில குளிச்சு, தலையெல்லாம் படிய வாரி வந்தான். குழாய எடுத்து ஊதினான். பீப்புன்னு கத்திச்சு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. மேனேஜர் அன்னைக்குன்னு பாத்து இங்க நிக்கறாரு. வேடி பொய் சொல்லல சார். "சாவு வீட்டுல நாலு பேரோட சேந்து கொஞ்சம் குடிச்சேண்ணே. சாப்புட்டுத் தூங்கிட்டேன். இப்ப ஒண்ணும் இல்லண்ணே, நீங்களே பாருங்க"ன்னு என் மூஞ்சிக்குக் கிட்ட வந்தான். என் மூக்குக்கு ஒண்ணுமே தெரியல. சோப்பு வாசனைதான் வந்துது. ஆனா மெஷின் கத்திடுச்சே? நான் என்ன பண்ணுவேன்?

அப்ப அவன் ஒண்ணு கேட்டான். "அண்ணே, அவங்க மாதிரி நானும் ஒரு தடவை தள்ளி ஊதிப் பாக்கட்டுமா?"ன்னு. நான் சொன்னேன், "உனக்கு எதுக்குடா அதெல்லாம்? உனக்குத்தான் தனியா இருக்குதே"ன்னு.

நல்ல மனசோடதான் சொன்னேன். அந்த நேரத்துல வாயில வந்துது, சொன்னேன். வேடி என்னையே பாத்தான். குழாய ஜன்னல் மேல பழையபடி வச்சான். சாவிய மேசை மேல வச்சிட்டுப் போயிட்டான். அன்னைக்கே வேலைய விட்டு எடுத்துட்டாங்க. சட்டம்னா சட்டம்னு மேனேஜர் சொன்னாரு. "ஆமா சார்"னு நானும் சொன்னேன்.

அவன் ரூட்ட முனிராஜுக்குக் குடுத்தாங்க.

அந்த ரூட்டுல காவேரின்னு ஒரு பொண்ணு வரும். டிரைவருக்குப் பக்கத்து சீட்டுதான் அதுக்கு. சாயங்காலம் வண்டி டீசல் போட இங்க நிக்கறப்ப எறங்கி வந்து வம்பு பேசிட்டுப் போவும். செல்போனுக்குள்ள இருக்கற பொடிப் பொடி சாமானெல்லாம் கையால பொருத்தற வேலை. "அண்ணா, என் வெரல் மாதிரி கம்பெனியில வேற யாருக்கும் ஓடாது"ன்னு கையத் தூக்கிக் காட்டும். அது ஒருநாளு கேட்டுது, "வேடியண்ணன எப்ப திரும்ப எடுப்பீங்க? இந்தப் பெரியவரு ஏரிக்கரை வளைவுல வண்டிய ஒடிக்கறப்ப எங்களையெல்லாம் சாமி கும்புட வச்சிடறாரு"ன்னு. சிரிச்சிக்கிட்டேதான் கேட்டுது. அப்புறம் மெதுவா, "காலையிலேயே நாத்தம் தாங்கலண்ணா"ன்னுச்சு.

நான் என்ன சொன்னேன்? "மெஷின்ல ஊதிட்டுத்தானம்மா வர்றாரு"ன்னேன். "அப்படியா?"ன்னுச்சு. வண்டியில போயி ஏறிக்கிச்சு. மெஷின் மேல அதுக்கும் ஒரு நம்பிக்கை.

தூக்கம் வரலன்னா அந்த "அப்படியா"தான் சார் காதுல வந்து நிக்குது.

டீ வந்துடுச்சு, எடுத்துக்கங்க. சக்கரை போதுமா பாருங்க.

ஆக்சிடெண்ட் ஆன அன்னைக்குக் காலையில என்ன நடந்துதுன்னு போலீஸ்லயும் சொல்லிட்டேன். முனிராஜ் வந்தாரு, ஊதினாரு, சைபர் காட்டிச்சு, கேட்டத் தூக்கினேன். இதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. அவங்க கேக்காத ஒண்ண உங்ககிட்ட சொல்றேன். அவரு பாக்கு மென்னுக்கிட்டு வந்தாரு. பாக்கு வாசனைக்கு அடியில இன்னொரு வாசனை. என் மூக்கு ஒண்ணும் செத்துப் போவல. கண்ணும் செவந்து கெடந்துது. "என்ன மச்சான்?"னேன். "என்ன, மார்க் எவ்ளோ?"ன்னாரு. மெஷினப் பாத்தேன். சைபர். மெஷினே சைபர்ங்குது, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போன்னு சொல்றது? மோந்து பாத்துத் திருப்பி அனுப்பறது என் வேலையா? அதுக்குத்தானே மெஷின் வாங்கி வச்சிருக்காங்க? தூக்கிட்டேன் சார். கேட்டத் தூக்கிட்டேன்.

ஏரிக்கரை வளைவுல வண்டி உருண்டுடுச்சு. ஏரியில தண்ணி இல்ல, அதனால யாரும் சாகல. கை ஒடிஞ்சுது, கால் ஒடிஞ்சுது, தலையில தையல் போட்டாங்க. காவேரியோட வலது கை வண்டிக்கு அடியில மாட்டிக்கிச்சு. கை இருக்குது. வெரலு மடங்கலன்னு டாக்டர் சொல்றாரு. இனிமே மடங்காதாம்.

முனிராஜுக்கு ஒரு சிராய்ப்பு. எறங்கி ஓடிட்டாரு. மறுநாளு சாயங்காலம் வக்கீலோட போயி ஸ்டேஷன்ல நின்னாரு. அதுக்குள்ள ரத்தத்துல என்ன இருக்கப் போவுது? ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சு. இப்ப அவரு குடிச்சாரா இல்லையாங்கறதுக்கு காலையில நான் ஊத வச்சது ஒண்ணுதான் சாட்சி. அந்த சாட்சி சைபர்ங்குது. சைபர்னா, அவரு குடிச்சிருந்தாருன்னு புள்ளைங்க சொல்றது பொய்னு ஆயிடும். காவேரி சொல்றது பொய்னு ஆயிடும்.

அங்கதான் சார் நீங்க வர்றீங்க. மெஷின் கோளாறுன்னு எழுதினீங்கன்னா, அந்த சைபரும் செல்லாது. காவேரி பொய் சொல்லிச்சுன்னு எவனும் சொல்ல முடியாது. வேடிக்குக் கத்தினதும் செல்லாது, அவனைத் திரும்ப எடுத்துக்குவாங்க. மச்சானுக்கும் எதிரா ஒண்ணும் நிக்காது, என் சம்சாரம் என்னோட பேசுவா. என்னையும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மெஷினுக்கு என்ன சார், பொண்டாட்டி புள்ளையா இருக்குது? பழிய அது வாங்கிக்கட்டும்.

தலைய ஆட்டறீங்க, ஒத்துக்க மாட்டீங்க போல.

ஆஸ்பத்திரியில வேடியப் பாத்தேன். சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். இப்ப செங்கல் சூளைக்கு லோடு ஆட்டோ ஓட்டறான். அந்த வழியா வந்தவன் வண்டியப் பாத்துட்டு, செங்கல்லையெல்லாம் ரோட்டுல கொட்டிட்டு, புள்ளைங்களத் தூக்கிப் போட்டுக்கிட்டு வந்திருக்கான். சட்டையெல்லாம் ரத்தம், செங்கல் தூளு. நான் போயி கையப் புடிச்சிக்கிட்டேன். "வேடி, சாமி மாதிரி வந்தடா"ன்னேன். கைய எடுத்துக்கிட்டான். கோவமா இல்ல, சாதாரணமாத்தான் எடுத்துக்கிட்டான்.

"அண்ணே, காலையில முனிராஜ் ஊதினாரா?"ன்னான்.

"ஊதினாருடா. சைபர்தான் காட்டிச்சு"ன்னேன்.

"எந்தக் குழாய்ல ஊதினாரு?"

இது என்ன கேள்வி சார்? எந்தக் குழாய்லன்னா... அவனுக்குத் தெரியாதா? அவன் கண்ணு முன்னாடிதான எல்லாம் நடந்துது? அவனுக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணுன்னு வச்சது நான்தான். சண்டை வரக்கூடாதேன்னு வச்சேன். அவனைக் கீழ வைக்கணும்னா வச்சேன்? எனக்கு அப்படி ஒரு எண்ணம் இருந்துதுன்னு எவனாவது சொல்லட்டும். இருந்திருந்தா நான் ஒத்துக்குவேன். இல்ல. இல்லன்னுதான் நெனைக்கறேன். அவன் என் பதிலுக்கு நிக்கல, உள்ள காவேரியோட அம்மா அழுதுக்கிட்டிருந்துது, அங்க போயிட்டான்.

சரி சார், நீங்க உங்க வேலையப் பாருங்க. எப்படி ஊதுவாங்கன்னு செஞ்சு காட்டணுமா? காட்டறேன். இதோ, இப்படி நிப்பாங்க. தலையத் தூக்கிக்கிட்டு, இவ்ளோ எடம் விட்டு... ஊ... பாத்தீங்களா? சைபர். இப்படித்தான் சார், தெனமும். இதத்தான் சொன்னேன்.

வாய் வச்சா? நான் எதுக்கு சார் வாய் வச்சு ஊதணும்? நான் டிரைவர் இல்ல. நான் ஊத வைக்கறவன். மெஷின் வேலை செய்யுதான்னு பாக்கணும்னா நீங்களே ஊதிக்கலாமே. உங்க பையில புதுக் குழாய் இருக்குதா? இருக்குது, சரி. பிரிச்சே மாட்டிட்டீங்க. மேனேஜர் வரட்டுமே. இல்ல, நான் வேணாம்னு சொல்லல. எச்சில்னு சொல்லல சார், புதுசுதான், தெரியுது. சும்மா கேக்கறேன்.

குடுங்க.

...

கத்துது.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? வீட்டுலேர்ந்து கெளம்பறப்ப கொஞ்சம். அவ்ளோதான். எனக்குப் பழக்கம் கெடையாது சார், சத்தியமா. கல்யாணத்துலகூடத் தொட மாட்டேன். இந்த ஒரு மாசமாத்தான். அன்னைக்குக் காலையில முனிராஜ் வாயிலேர்ந்து வந்துது பாருங்க, அந்த வாசனை, அது மூக்க விட்டுப் போவல. சோத்துல வருது, தலையணையில வருது, குளிச்சா சோப்புல வருது. நானே குடிச்சிட்டா அது எனக்குத் தெரியல. என் வாசனைதான்னு ஆயிடுது. அதுக்காகத்தான் சார் குடிக்கறேன்.

போன வாரம்கூட ஒருத்தன் சந்தேகமா நின்னான், கண்ணு சரியில்ல. கிட்டப் போயி மோந்து பாத்தேன். ஒண்ணும் தெரியல. என்னோடதா அவனோடதான்னு பிரிக்க முடியல. தள்ளி ஊதினான், சைபர் காட்டிச்சு. தூக்கிட்டேன்.

பேனாவ மூடாதீங்க சார். கோளாறு இல்லன்னு எழுதுங்க. மெஷின் நல்லா இருக்குதுன்னு எழுதுங்க. அப்படி எழுதினா எப்படி சைபர் வந்துதுன்னு என்னைக் கூப்புட்டுக் கேப்பாங்க. கேக்கட்டும். எந்தக் குழாய்னு கேட்டா, சொல்லிடறேன்.